சரிசெய்ய முடிகிற வண்டியெல்லாம் வாங்க வேண்டிய வண்டி இல்லை

கேள்வி: நான் 12 வருடங்களாக ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருக்கிறேன். இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன் வேலைகளைத் தனியாகவே செய்வேன். பழைய கார்களை வாங்கி, சரிசெய்து விற்கும் தொழிலைச் சிறிய அளவில் தொடங்க ஆசை. என் சேமிப்பு இரண்டு சாதாரணக் கார்கள் வாங்கப் போதும். மச்சானும் கொஞ்சம் பணம் போடுவதாகச் சொல்கிறார். வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா? எந்த மாதிரி வண்டியில் தொடங்குவது? இன்னொன்று, இந்தத் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர், "வண்டியில் இருந்த குறையை எல்லாம் வாங்க வருகிறவரிடம் சொன்னால் ஒரு வண்டியும் விலை போகாது" என்கிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. உங்கள் ஆலோசனை வேண்டும்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, "எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை" என்ற அந்த வரி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், இந்தத் தொழிலில் உங்களுக்கு இருக்கும் பெரிய ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். அது உங்கள் கைத்திறன்தான்.

நான் 20 வருடங்களுக்கு மேல் பழைய வண்டிகளை வாங்கிச் சரிசெய்து விற்றவன். இப்போது வாங்குகிறவர்களுக்காக வண்டிகளைப் பரிசோதித்துக் கொடுக்கிறேன். இந்தத் தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவர்களில் நல்ல மெக்கானிக்குகள் பலரை எனக்குத் தெரியும். வேலை தெரியாதவர் புகை விடும் வண்டியைப் பார்த்ததும் பயந்து விலகிவிடுவார். வேலை தெரிந்தவருக்கோ கை துறுதுறுக்கும். "இவ்வளவு மலிவாக வருகிறதே, பிரித்துப் பார்த்துவிடலாம்" என்று தோன்றும். அவரால் அதைச் சரிசெய்யவும் முடியும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நான் சொந்தமாக வாங்கிய முதல் வண்டி, சூடேறி நின்றுபோன ஒன்று. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்பு, அதாவது ஹெட் கேஸ்கெட், போயிருக்கும், மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஹெட்டைக் கழற்றினால் விரிசல். வேறு ஹெட் தேடிப் போட்டேன். அப்புறம் பிஸ்டன் ரிங் தேய்ந்திருப்பது தெரிந்தது. இவ்வளவு பிரித்தாகிவிட்டதே, அரைகுறையாக விடக்கூடாது என்று பேரிங் வரை மாற்றினேன். 11 வாரம் ஆனது. வண்டி புதுசு மாதிரி ஓடியது. ஆனால் அதே வருடத்து மற்ற வண்டிகள் என்ன விலைக்குப் போயினவோ, அதே விலைக்குத்தான் அதுவும் போனது. இன்ஜினுக்காக ஒருவரும் கூடுதலாகத் தரவில்லை. ஏன் தர வேண்டும்? இன்ஜின் நன்றாக இருக்கும் என்று நம்பித்தானே வாங்குகிறவர் வருகிறார்!

அந்த 11 வாரத்தில் நான் கற்றுக்கொண்ட பாடத்தின் மேல்தான் அதற்குப் பிறகு என் தொழில் முழுவதும் நின்றது. வாங்குவதற்கு முன்பே எல்லை தெரிகிற பழுதை வாங்கலாம். பிரித்தால்தான் எல்லை தெரியும் என்கிற பழுதை வாங்கக்கூடாது.

கிளட்ச் தேய்ந்த வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவருக்குப் பயமாக இருக்கும், ஓட்டவே முடியாது. ஆனால் உங்களுக்கு அதன் செலவும் நேரமும் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பே தெரியும். பிரேக் டிஸ்க், புஷ், ஷாக் அப்சார்பர், ஸ்டார்ட்டர் மோட்டார், ஜன்னல் மோட்டார், மங்கிப்போன ஹெட்லைட், செத்துப்போன பேட்டரி, ஆக்சிஜன் சென்சாரால் எரியும் இன்ஜின் லைட், நாற்றமடிக்கும் சீட் எல்லாம் இந்த வகை. விற்பவருக்கு இவை தலைவலி. அதனால்தான் விலை குறைகிறது. உங்களுக்கு இரண்டு மூன்று நாள் வேலை.

சூடேறி நின்ற இன்ஜின், வழுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், சேஸிஸில் ஏறிய துரு, வெள்ளத்தில் நின்ற வண்டி, ஏர்பேக் வெடித்த வண்டி, யாரோ வயரிங்கில் கைவைத்து அவ்வப்போது மட்டும் வரும் எலக்ட்ரிக்கல் கோளாறு, இவையெல்லாம் எல்லை தெரியாதவை. எவ்வளவு மலிவாக வந்தாலும் முதல் ஒரு வருடம் இவற்றைத் தொடாதீர்கள்.

ஒரே பழுது இரண்டு பக்கமும் விழலாம் என்பதையும் கவனியுங்கள். வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்பதற்காக ஒருவர் விலை குறைத்தால், அது எல்லை தெரிந்த பழுது. வாங்கி, பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றிவிடலாம். பெல்ட் ஏற்கெனவே அறுந்திருந்தால் கதை வேறு. பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்ததும் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். எத்தனை வால்வு வளைந்தது, பிஸ்டனில் அடி உண்டா என்பதெல்லாம் ஹெட்டைக் கழற்றும் வரை தெரியாது. ஏசியும் இப்படித்தான். ஒரு இணைப்பில் கேஸ் கசிந்தால் பிரச்சினை இல்லை. கம்ப்ரஸர் உள்ளே உடைந்து உலோகத்தூள் கண்டென்சர் வரை போயிருந்தால் முழு ஏசியையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் வண்டி உங்களைத் தேடி வருகிறது, கொண்டுவருபவர் உண்மையைச் சொல்கிறார். வாங்கப் போகும் இடத்தில் அப்படி இருக்காது. அங்கே பார்க்கிற விதம் வேறு.

விற்பவரிடம் போனிலேயே சொல்லிவிடுங்கள், நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று. போனதும் முதலில் பானெட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கப்படுகிறது என்று எடுத்துக்கொண்டு, ஆறும்வரை காத்திருங்கள், இல்லையென்றால் இன்னொரு நாள் வாருங்கள். தேய்ந்த டைமிங் செயினின் சத்தமும், இரவு முழுக்க வால்வு சீல் வழியாக இறங்கிய ஆயிலின் நீலப்புகையும், பலவீனமான பேட்டரியும் குளிர்ந்த இன்ஜினை முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போதுதான் வெளிப்படும். நீலப்புகை ஆயில், அடர்த்தியாக நின்று இனிப்பு வாசம் வரும் வெள்ளைப்புகை கூலண்ட், கருப்பு என்றால் எரிபொருள் அதிகம். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் பேரம் பேசும் பரபரப்பில் தெரிந்ததையே மறந்துவிடுவோம்.

ஸ்கேனர் போடும்போது கோட், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுதுக் குறியீடு, ஒன்றும் இல்லை என்றதும் திருப்திப்படாதீர்கள். அன்று காலையில்தான் அழித்திருக்கலாம். தன் பழுதைத் தானே கண்டறியும் ஓபிடி-2 அமைப்பு உள்ள வண்டிகளில் கோடை அழித்தால், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் போன்றவற்றின் சுயபரிசோதனை நிலையும் சேர்ந்து அழிந்துவிடும். வண்டி பல விதமாகச் சில நாள் ஓடினால்தான் அவை மீண்டும் முடிந்ததாகக் காட்டும். ஸ்கேனரில் அந்தச் சுயபரிசோதனைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பாதிக்கு மேல் முடியாமல் நின்றால், பேட்டரியைச் சமீபத்தில் கழற்றினீர்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலும் சொல்லும் விதமும் நிறையச் சொல்லிவிடும்.

இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், பழுதை மறைக்க யாரோ அந்த விளக்கைச் செயலிழக்கச் செய்திருக்கலாம். அந்த வண்டியை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுற்றியிருக்கும் பகுதியில் சேற்றுக்கோடு தெரிந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. கார்ப்பெட்டைக் கழுவுவார்கள், ஸ்டெப்னி வைக்கும் குழியைக்கூடக் கழுவுவார்கள், பெல்ட்டை யாரும் முழுதாக இழுத்துக் கழுவுவதில்லை. டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர். மீட்டர் குறைந்த கிலோமீட்டரைக் காட்டுகிறது, ஆனால் நான்கு டயரும் வண்டியைவிட மிகவும் இளையவை என்றால் கணக்கு இடிக்கிறது. பெடல் ரப்பர், ஸ்டீயரிங்கின் பளபளப்பு, ஓட்டுநர் சீட்டின் ஓரம், பழைய சர்வீஸ் பில்கள் எல்லாவற்றையும் மீட்டரோடு ஒப்பிடுங்கள்.

பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். மறுபடி அடித்த இடத்தில் அது ஏறத்தாழ இரண்டு மடங்காகும். பட்டி பூசிய இடத்தில் இன்னும் பல மடங்கு. கதவில் பட்டி இருந்தால் கவலை இல்லை. ரூஃபைத் தாங்கும் தூணிலும் ரூஃப் ஓரத்திலும் இருந்தால் பெரிய விபத்தைக் கண்ட வண்டி.

சரி, வண்டி பிடித்துவிட்டது. என்ன விலை கொடுக்கலாம்? கணக்கை விற்கும் விலையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். விற்கும் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். அதாவது அந்த மாடல் உண்மையில் கைமாறும் விலை, விளம்பரத்தில் கேட்கும் விலை அல்ல. உதிரிபாகம் 12, உங்கள் உழைப்புக்கான கூலி 8, பெயர் மாற்றம், கட்டணங்கள், விளம்பரம் எல்லாம் 4, வண்டி நிற்கும் இடத்துக்கும் முடங்கும் பணத்துக்கும் 3, விற்றபின் வரக்கூடிய சின்னப் பழுதுக்காக ஒதுக்குவது 3, லாபம் 10. கூட்டினால் 40. ஆகவே 60-க்கு மேல் கொடுக்க முடியாது. எண்கள் உங்கள் சந்தைக்கு ஏற்ப மாறும், ஆனால் இந்த வரிசை மாறக்கூடாது. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே அந்த 60-ஐக் காகிதத்தில் எழுதி சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனபின் மனசு எண்களை வளைக்கும். நான் பலமுறை வளைத்திருக்கிறேன்.

இந்தக் கணக்கில் பலர் விட்டுவிடும் வரி உங்கள் கூலி. "நானே செய்துகொள்கிறேன், கூலி மிச்சம்" என்பார்கள். அந்த நேரத்தில் இன்னொரு வண்டியைப் பார்த்திருந்தால் காசு வந்திருக்குமே! கூலியை எழுதாமல் விட்டால், சம்பளம் இல்லாமல் இராப்பகலாக உழைத்துவிட்டு அதை லாபம் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். அப்படியே 2 வருடம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள்.

எந்த மாதிரி வண்டி என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கை ஏற்கெனவே ஆயிரம் முறை போய்வந்த இரண்டு மாடல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாலையில் அதிகம் ஓடுகிற, உதிரிபாகம் அன்றே கிடைக்கிற, குடும்பத்துக்காக வாங்குகிற சின்ன வண்டிகள். ஒரே மாடலில் பத்து வண்டி பார்த்தவருக்கு அதன் சத்தமே நோயைச் சொல்லிவிடும். பழைய சொகுசுக் கார்கள் ஆசை காட்டும். அவற்றின் விலைதான் வருடத்துக்கு வருடம் இறங்கும், அதன் ஏர் சஸ்பென்ஷனின் விலை இறங்காது. ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டிகளை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அவற்றின் ஆரஞ்சு நிறக் கேபிள்களில் ஓடுவது உயிரை எடுக்கும் மின்னழுத்தம். முறையான பயிற்சி எடுத்தபின் அந்தப் பக்கம் போகலாம், போகவும் வேண்டியிருக்கும்.

வாங்கிய வண்டியில் எதுவரை வேலை செய்வது? பிரேக், ஸ்டீயரிங், டயர், விளக்குகள், சீட் பெல்ட், ஏர்பேக் இவற்றில் பேரமே இல்லை. நாளை அதில் ஒரு குழந்தை உட்காரப் போகிறது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம், எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். சேஸிஸ் நம்பரை வைத்து, கம்பெனி திரும்ப அழைத்த வண்டியா என்றும் பாருங்கள். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகள் வெப்பத்திலும் ஈரத்திலும் பழசாகி, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்து உயிர்களை எடுத்தன. அதற்காக உலகம் முழுக்கப் பல கோடி வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அப்படி அழைக்கப்பட்டும் மாற்றாமல் ஓடும் வண்டி உங்கள் கைக்கும் வரலாம். இந்த மாதிரி வேலையைக் கம்பெனிகள் பெரும்பாலும் இலவசமாகவே செய்து தருகின்றன. ஒரு நாள் அலைச்சல்தான்.

அதற்கப்பால், உள்ளே நன்றாகச் சுத்தம் செய்யுங்கள். ஆழமாகச் சுத்தம் செய்த வண்டிக்குத் தரும் விலையை, புது பேரிங் போட்ட வண்டிக்கு யாரும் தருவதில்லை. முழு பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள். பழைய வண்டி தலைமுதல் கால்வரை பளபளத்தால், எதை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் வருகிறவர் யோசிப்பார். ஒரு கதவில் கீறல் இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். 1970-ல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தன் வண்டி நல்லதா கெட்டதா என்று தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் எல்லா வண்டியையும் சந்தேகித்து, நடுத்தரமான விலைக்கு மேல் தர மாட்டார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார், விலகிவிடுவார். கடைசியில் சந்தையில் கெட்ட வண்டிகளே மிஞ்சும். இந்த ஆராய்ச்சி வழிக்காக 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, இன்னும் இருவரோடு சேர்த்து.

இதை உங்கள் ஷெட்டில் வைத்துப் பாருங்கள். வாங்க வருகிறவர் ஏற்கெனவே பயத்தோடுதான் வருகிறார். உங்கள் நண்பர் குறையை மறைத்தாலும் அந்தப் பயம் போவதில்லை, பேரத்தில் அது விலைக்குறைப்பாக வெளிவருகிறது. 12 வருட அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் மற்ற வியாபாரிகளிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. வண்டியின் நிலைமை அவருக்கு உண்மையிலேயே தெரியும். அதை எழுதிக் கொடுங்கள்.

நான் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே ஒரு தாள் வைத்திருந்தேன். வாங்கும்போது இருந்த பழுதுகள், நான் செய்த வேலைகள், செய்யாமல் விட்டவை. கழற்றிய பழைய பாகத்தின் போட்டோவும் பில்லும் கூடவே இருக்கும். செய்யாமல் விட்டதற்குப் பக்கத்தில், அதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும், எப்போது தேவைப்படும் என்று எழுதுவேன். உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரிதான். குறைகளை வாயால் அடுக்கினால் வருகிறவர் ஓடிவிடுவார். அதே குறை எழுத்தில், செலவோடு, எல்லையோடு இருந்தால் அவருக்குத் தைரியம் வருகிறது. கியர்பாக்ஸ் ஓரத்தில் லேசாக ஆயில் கசிவு, சொட்டவில்லை, ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் போதும் என்று எழுதிய வண்டியை ஒரு ஆசிரியை வாங்கினார். அந்த ஒரு வரியைப் படித்ததால்தான் மற்ற வரிகளை நம்பினேன் என்றார். பிறகு அவர் தம்பியும் என்னிடம்தான் வாங்கினார். மீட்டரை நீங்கள் நம்பவில்லையென்றால், "கிலோமீட்டர் உறுதிசெய்யப்படவில்லை" என்று அதையும் எழுதுங்கள். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரு மாதப் பொறுப்பு எழுதிக் கொடுங்கள். விற்றபின் வரும் பழுதுக்காக ஒதுக்கச் சொன்ன அந்த 3 அதற்குத்தான்.

குறையை மறைக்காமல் எழுதிக் கொடுத்தால் சட்டமும் உங்கள் பக்கம்தான் நிற்கும். ஒரு தனிமனிதர் தன் வண்டியை விற்பதும் வியாபாரி விற்பதும் பல நாடுகளில் ஒன்றல்ல. வியாபாரிக்குப் பொறுப்பு அதிகம், தெரிந்தே மறைத்தால் வழக்காகும். வருடத்துக்கு இத்தனை வண்டிக்கு மேல் விற்றால் உரிமம் வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. தொடங்கும் முன் உங்கள் ஊர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஆயில், கூலண்ட், பேட்டரியை எங்கே கொடுக்க வேண்டும் என்றும் அப்போதே கேளுங்கள். கூலண்ட் இனிப்பாக இருக்கும், தரையில் சிந்தினால் நாயும் பூனையும் நக்கிச் செத்துப்போகும்.

பேப்பர் விஷயத்தில் அவசரமே கூடாது. விற்பவரின் பெயரும் பேப்பரில் உள்ள பெயரும் ஒன்றா, வண்டி மேல் கடன் பாக்கி உண்டா, சேஸிஸ் நம்பரின் 17 எழுத்துகளும் பேப்பரோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். அந்த 17-ல் ஆங்கில ஐ, ஓ, க்யூ எழுத்துகள் வராது. வந்திருந்தால் யாரோ கைவைத்திருக்கலாம்.

வேலையை இப்போது விடாதீர்கள். ஒரே ஒரு வண்டி, ஓய்வு நேரத்தில். அதை விற்றபின் அடுத்தது. இரண்டு வண்டிக்கான பணம் இருக்கிறது என்பதற்காக இரண்டு வாங்க வேண்டாம், மீதிப் பணம்தான் உங்கள் நிம்மதியான தூக்கம். ஐந்தாறு வண்டி போனபின், கூலி போக மிஞ்சுவது உங்கள் சம்பளத்தோடு ஒப்பிட எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்கலாம். ஆனால் உங்கள் முதலாளியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வாடிக்கையாளரின் வண்டியை வாங்காதீர்கள். "செலவு அதிகமாகும், விற்றுவிடுவது நல்லது" என்று நீங்கள் நல்ல மனதோடு சொன்னாலும், பிறகு நீங்களே அதை வாங்கினால் ஊர் வேறு மாதிரிதான் பேசும்.

மச்சான் பணத்தை மொத்தமாக வாங்காமல் வண்டிவாரியாக வாங்குங்கள். இந்த வண்டியில் அவர் எவ்வளவு, நீங்கள் எவ்வளவு, உங்கள் கூலி முதலில் கழியும், மிச்சம் எப்படிப் பிரியும், நஷ்டம் வந்தால் யார் எவ்வளவு தாங்குவது, விலையை இறுதி செய்வது யார். ஐந்து வரி போதும், இருவரும் கையெழுத்துப் போடுங்கள், உங்கள் மனைவிக்கும் தெரியட்டும். உங்கள் கூலியை முதலில் கழிப்பது அவருக்கு ஒப்பவில்லையென்றால் அது இப்போதே தெரிவது நல்லது.

ஒரு நோட்டுப் போடுங்கள். வாங்கிய நாள், விற்ற நாள், நினைத்த செலவு, ஆன செலவு. மூன்றாவது வண்டி விற்றதும் அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். நினைத்ததற்கும் ஆனதற்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு, அடுத்து எந்தப் பழுதை விட்டு விலக வேண்டும் என்று இருவரும் சேர்ந்து யோசிப்போம்.